திரும்பிப் பார்த்த நாய்க்குட்டி

சிட்டு,

இன்று காலையில் அந்த நாய்க்குட்டி என் அகப்பையைக் கவ்விக்கொண்டு ஓடியது. கூழ் ஒட்டியிருந்த அகப்பை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடிக்குப் போனதும் நின்றது. அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. கிட்டே போனால் ஓடியது. நான் நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திருடிக்கொண்டு போகிறவர் யாராவது நின்று திரும்பிப் பார்ப்பார்களா, சிட்டு? இது என் புத்திக்கு எட்ட நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. நீ போயும் இரண்டு வருஷமாகிவிட்டது.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

குட்டியைக் கொண்டுவந்தது என் அண்ணன்தான், உன் வீட்டுக்காரர். களத்தில் வைக்கோல் போருக்குள் கிடந்ததாம். துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கிவிட்டார்.

“இந்தா ஆத்தா, கோழியக் கீரி தூக்காமப் பாத்துக்கிரும்.”

“இது கோழியப் பாக்குமா? இதக் கோழி தூக்கிட்டுப் போயிரும்ண்ணே.”

அண்ணன் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஊருணிக் கரையில் நாம் ஓடிப்பிடித்து விளையாடிய வயதில், எனக்கு மூச்சு வாங்கி நின்றால் நீ திட்டுவாய். “தொரத்துடி! நீ நின்டுட்டா நா எங்குட்டு ஓடுறது?” என்பாய். பிறகு நீ என் அண்ணனைக் கட்டி எனக்கு மதினியானாய். நான் ஒக்கூருக்கு வாக்கப்பட்டுப் போனேன். இருபத்தெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தேன். உன் வீட்டுச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார் அண்ணன். வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீ மட்டும் அழவில்லை. அதுவே என் மனதில் முள்ளாகக் கிடந்தது.

ஊருக்குக் கரண்டு வந்த வருஷம், மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள். முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீரை ஊற்றித் துரத்திக்கொண்டிருந்தார்கள். புருஷன் இல்லாதவள் மேல் மஞ்சள் படக்கூடாது என்று நான் சந்து ஓரமாக ஒதுங்கி நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீ வந்தாய். ஒரு செம்புத் தண்ணீரை என் தலையோடு ஊற்றினாய்.

“அடியே நாத்துனா, இப்ப என்ன செய்வ?”

நாலு எட்டு ஓடினாய். நின்றாய். குனிந்து, வெறுஞ்செம்பை ஆட்டிக்கொண்டு, சிரிப்போடு என்னைப் பார்த்தாய்.

எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: “தாலியறுத்தவ மேல மஞ்சத் தண்ணியா? என்ன எகத்தாளம் பாத்தியா!”

அந்தப் பேச்சுத்தான் என் காதில் ஏறியது. வந்து உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நீ ஓடவில்லை. நான் விளையாட வருகிறேன் என்றே நினைத்து நின்றிருக்கிறாய். அடி விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உன் சிரிப்பு அப்படியே இருந்தது. “இனிமே எம்மூஞ்சில முழிக்காத” என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

பத்து வருஷம், ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு, நடுவில் கழுத்தளவுச் சுவர். காயப்போட்ட என் சேலையின் முந்தியில் முடிச்சு விழுந்திருக்கும். ஆட்டுக்கல் மேல் ஒரு பக்கம் கடித்த மாங்காய் இருக்கும். மோர் கடைய உட்கார்ந்தால் மத்து இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் சுவருக்கு மேலே உன் தலை தெரியும். அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

“ஒங்க பொண்டாட்டி என்னையக் கேலி பண்ணுறாண்ணே. என்னான்னு கேளுங்க.”

“நீயே கேளு ஆத்தா. ஒங்க ரெண்டு பேரு நடுவுல நாந்தே ஆம்புட்டேனா?”

நான் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். மாங்காயைக் குப்பையில் எறிந்தேன்.

விஷக்காய்ச்சல் கண்டு, உன்னைக் கல்லலுக்கு வண்டி கட்டி, அங்கிருந்து ரயிலில் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி கிளம்பும்போது நான் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். நான் அன்று சொன்னபடியே, கண்ணை மூடிக்கொண்டு வந்தாய்.

இந்தக் குட்டிக்கு நான் வெள்ளைச் சேலைக்காரி என்பது தெரியவில்லை. அந்த வெள்ளை முந்தியைத்தான் பிடித்து இழுக்கிறது. கையைக் கடிக்கிறது, பல் படுகிறது, வலிக்கவில்லை. வலிக்காமல் கடிக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. விளக்குமாற்றால் ஒன்று போட்டால் கத்திக்கொண்டு ஓடும், அடுத்த நிமிஷமே திரும்பி வந்து முன்னங்காலை நீட்டும். அடிப்பதும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைக்கிறது போலிருக்கிறது. எதிரே இருப்பவள் மறுபடியும் வருவாள் என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படி நிற்க முடியாது. விளையாட்டு என்பதே அந்த நம்பிக்கைதான் என்று இப்போது படுகிறது. தெரிந்து என்ன செய்ய?

சாயங்காலம் குட்டிக்குப் பின்னால் இரண்டு எட்டு ஓடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, நாயோட ஓடிப் புடிச்சு வெளயாடுறீகளாக்கும்?”

“வெளயாட்டென்ன வெளயாட்டு. கோழிய வெரட்டுது, அடிக்கப் போறேன்” என்று பொய் சொன்னேன். இந்த வயதிலும் அந்த வெட்கம் போகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில்தான் அன்றைக்கு உன்னை அடித்தேன். அந்தப் பயத்தையும், உன் கன்னத்தில் பட்ட இந்தக் கையையும்தான் வைத்துக்கொண்டு கிடக்கிறேன். குட்டி வந்து நக்குவதும் இதே கையைத்தான். இழுத்துக்கொள்கிறேன்.

நான் எழுந்து வராவிட்டால் குட்டி கொஞ்ச நேரம் பார்க்கும். அப்புறம் காக்காயைத் துரத்தப் போய்விடும். நீ போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே நின்றாய்.

சிட்டு, நான் துரத்தி வருவேன் என்று எந்த வருஷம் வரைக்கும் நம்பினாய்?