பெரியப்பாவின் கொசுவலை

படாளம்

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலி தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சார்ஜாவில் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். செங்கல்பட்டு ஜாக்குலின் அங்கே வருகிறாள், அவளிடம் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எனக்கு வாய் வராது.

பெரியப்பா கருமாதியன்று அவர் படுத்த பாய், தலையணை, நீ வாங்கி அனுப்பிய நீலக் கொசுவலை எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். வலையையாவது குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. நான்தான், செத்தவர் படுத்ததைக் குப்பையில் போட்டால் பாவம், பாலாற்றில் விட்டால்தான் அவர் நிம்மதியாகப் போவார் என்று பிடிவாதம் பிடித்தேன். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, என் கையாலேயே விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்குப் புல் அறுக்க ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. கோரைப் புதரில் எதிர்வீட்டு ரமேஷ் குனிந்துகொண்டிருந்தான். நத்தைகுத்தி நாரை ஒன்று, காலும் இறக்கையும் வலையில் சுற்றிக் கிடந்தது. நீல வலை. மூலையில் பெரியப்பாவின் வேட்டிக்கரையைக் கிழித்து நான் தைத்த நாடா. ரமேஷ் என் அரிவாளை வாங்கி அறுத்துக்கொண்டே, எந்த வூட்டு ஜனமோ தெர்ல யக்கா, எழவு சாமானெல்லாம் ஆத்துல கடாசிட்டுப் பூடுதுங்க என்று திட்டினான். நான் ஆமாம்பா என்றேன், ரேணு. வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோகலாம் என்று துண்டில் சுற்றி வண்டியில் வைப்பதற்குள் அதன் தலை தொங்கிவிட்டது.

பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வைக்காத வேடந்தாங்கலில் பிறந்தவள் நான், அதைச் சொல்லி உன் அப்பா வீட்டாரிடம் எவ்வளவு பெருமை அடித்திருப்பேன். மேலே தொழிற்சாலைக்காரன் ஆற்றைக் கெடுக்கிறான் என்று வாய் ஓயாமல் திட்டுவேன். பாய் மக்கும், நைலான் மக்காது என்று எனக்குத் தெரியாதா. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, அப்பா கேட்டால் வெயில் என்கிறேன். இதை முடித்துவிட்டு அவரிடம் சொல்லிவிடுவேன். ரமேஷிடமும் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வராதே. வேதகிரீஸ்வரர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் என் பாய், தலையணை, புடவை எதையும் ஆற்றில் விடாதே, குப்பை வண்டியில் கொடு. யாராவது பாவம் என்று சொன்னால், அம்மாவே எழுதிக் கொடுத்தாள் என்று இதைக் காட்டு.

உன் அம்மா
பூங்கொடி