மகேசனின் விசாப் படிவம்

லொஸ் ஏஞ்சலிஸ்
6.3.1988

அன்புத் தங்கச்சி புஷ்பவதிக்கு,

நீ, இரத்தினசிங்கம், மகள் உஷா மூவரும் சுகமாய் இருக்க வேண்டும்.

தம்பி மகேசன் சிறையால் வந்து மூன்று மாதம். வந்தும் நிம்மதி இல்லை. இந்த மாநிலச் சட்டப்படி அவன் பொலிசில் பெயர், படம், கைரேகை எல்லாம் பதிய வேண்டும். வீடு மாறினால் திரும்பவும் பதிய வேண்டும். சாகும்வரைக்கும் இதுதானாம். நீ இருக்கும் நியூசிலாந்தில் அப்படி ஒரு பதிவு இல்லை என்று அறிந்தேன். நீ ஸ்பொன்சர் பண்ணு. விசாப் படிவத்தில் வழக்கு விபரம் கேட்கும் இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவோம். பழையபடி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வான்.

அண்ணன்,
இராசநாயகம்

சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து
19.3.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கணக்குப் படிக்க வந்த இடத்தில் அவன் தகாத முறையில் தொட்ட அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எட்டு வயதென்று வழக்கு நடந்தபோது நீங்கள்தான் எழுதினீர்கள். உஷாவுக்கு இப்போது ஒன்பது.

அம்மா போன பிறகு மகேசனுக்குச் சோறூட்டி வளர்த்தவள் நான். அவனை ஜெயிலில் போட்டபோது நான் ஒரு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் பொய் எழுத மாட்டேன். அவன் அங்கேயே இருக்கட்டும். சட்டம் கேட்கும் போதெல்லாம் போய்ப் பதியட்டும்.

அன்புடன்,
புஷ்பவதி

லொஸ் ஏஞ்சலிஸ்
2.4.1988

புஷ்பவதிக்கு,

உங்கள் பக்கம் மனுரேவாவில் இருக்கும் என் சிநேகிதன் குணரத்தினம் ஸ்பொன்சர் பண்ணச் சம்மதித்துவிட்டான். படிவமும் அனுப்பிவிட்டேன். அவனுக்கு வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ வாயைத் திறந்தால் எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இல்லை.

இராசநாயகம்

சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து
17.4.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று ரயிலேறி மனுரேவா போனேன். குணரத்தினம் அண்ணைக்கும் மனைவி அன்னபாக்கியத்துக்கும் முழுவதையும் சொன்னேன். அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகளும் பின்வளவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“சொந்தத் தம்பியைப் பற்றி இப்பிடிச் சொல்ல உமக்கு மனம் வந்ததோ?” என்று அன்னபாக்கியம் கேட்டா.

“ஓம், வந்தது. உங்களிட்டைச் சொல்லாமல் விடத்தான் மனம் வரேல்லை” என்றேன்.

அவ எழும்பிப் போய்ப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டா.

குணரத்தினம் அண்ணை கையெழுத்துப் போடாமலே படிவத்தை என்னிடம் தந்துவிட்டார். இத்துடன் அனுப்புகிறேன்.

மகேசனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், செய்ததை ஒளிக்காமல் வாழச் சொல்லி. நீங்கள் இங்கே வேறு யாரையும் பிடித்தால், அந்த வீட்டுக்கும் போவேன்.

தங்கச்சி,
புஷ்பவதி