ஒரு விசில், இரண்டு விசில்

அண்ணாச்சி,

இன்று காலை அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். பிளஸ் டூ படிக்கும் மகன் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், நான் பிடித்துக்கொண்டேன். செல்லை வாங்கி உள்ளே வை, காலையில் சீக்கிரம் எழுப்பு, அவன் அப்பாவை உட்கார்ந்து பேசச் சொல், எங்கள் துறையிலிருந்து ஆள் அனுப்பவா என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனேன். அப்போது கண்டக்டர் ஒரு விசில் அடித்தார். பஸ் நின்றது. என் வாயும் நின்றுவிட்டது.

"என்னக்கா, லைன் கட்டாயிருச்சா?" என்றாள் தங்கை.

கட்டாகவில்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு விசில் சத்தத்துக்கு நான் அடங்கிப்போகிறேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் முதுநிலைப் படிப்புக்கு என்னைத் தலைவியாகப் போட்டபோது எனக்குக் கைவந்ததெல்லாம் புத்தகம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைத் தயார்செய்து அனுப்புவது எங்கள் வேலை. பயிற்சிக்காக எங்கள் மாணவர்களையே ஒருவரை ஆலோசகராகவும் ஒருவரைப் பெற்றோராகவும் நடிக்க வைத்தோம். எப்பேர்ப்பட்ட பிரச்சினையும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. தீர்ந்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

நீங்கள் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தீர்கள். பரளச்சி ரூட்டில் முப்பது வருடம் கண்டக்டர். கூட்டத்தில் நசுங்கி நின்றபடி நான் உங்களை எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்திருக்கிறேன். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு ஏறியவர், மல்லி மூட்டை விலைபோகாமல் திரும்பியவர், எல்லோரும் உங்களிடம்தான் புலம்புவார்கள். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே "சரி, அப்புறம்?" என்பீர்கள். அதற்கு மேல் நீங்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆனால் இறங்கும்போது அவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

ஒருநாள் டீக்கடையில் உங்களைப் பிடித்து, எங்கள் வகுப்புக்கு வந்து ஒரு தகப்பனாக நடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"நடிக்கிறதா? ஏன் டீச்சர், ஊருல வேற ஆளே கெடைக்கலையா?"

"புதன்கிழமை மட்டும் வந்தாப் போதும் அண்ணாச்சி. நீங்க வந்து உக்காருங்க, எங்க பிள்ளைக பேசுவாக. அம்புட்டுதான்."

"பேசுறதை எல்லாம் அவுகளே பேசிருவாகளாக்கும்?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் இருந்த கேலி அன்று எனக்கு எட்டவில்லை.

முதல் புதன்கிழமை. பத்தாவது முடித்த மகளைப் படிப்பை நிறுத்தி மில் வேலைக்கு அனுப்ப நினைக்கும் தகப்பனாக நீங்கள். எதிரே ஆலோசகராக ஜெபா, எங்கள் துறையிலேயே கெட்டிக்காரி. பெண் கல்வியின் அருமை, அரசு உதவித்தொகை, சட்டம் என்று ஏழு நிமிடம் தங்குதடையில்லாமல் பேசினாள். நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "சரிங்கம்மா, ரொம்ப நல்லது" என்று கும்பிட்டு வெளியே போனீர்கள். நாங்கள் கைதட்டினோம். கைதட்டல் ஓய்வதற்குள் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, "பிள்ளையை மில்லுக்கு அனுப்பிட்டேன்" என்றீர்கள்.

ஜெபாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏங்கய்யா? நான் இவ்வளவு சொன்னேனே?"

"நீ சொன்ன, தாயி. நான் எங்க சொன்னேன்? நீ பேசி முடிச்சிட்ட, நான் கெளம்பிட்டேன்."

அடுத்த வாரம் வரும்போது சட்டைப்பையில் உங்கள் பழைய விசிலைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். பெற்றோர் பேசி முடிக்கும் முன் எவர் புத்திமதி சொல்லத் தொடங்கினாலும் ஒரு விசில், நிறுத்து. காது கொடுத்துக் கேட்டால் இரண்டு விசில், போகலாம். பஸ்ஸில் இருந்த சட்டம் அப்படியே வகுப்பறைக்கு வந்தது. முதல் மாதம் முழுக்க ஒற்றை விசில்தான். பக்கத்து வகுப்பில் வணிகவியல் நடத்துகிறவர் புகார் எழுதியே கொடுத்தார். ஒருநாள் நீங்கள் தோள் துண்டைத் துப்பட்டாவாகப் போட்டு, அந்த மீசையோடு ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளையாக உட்கார்ந்தீர்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நிமிடம் போனதும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜெபா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் எத்தனை விசில் அடித்திருக்கிறீர்கள்! துறைக் கூட்டத்தில், வராந்தாவில், ஒருமுறை என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே. அவர் அன்று உங்களுக்கு இரண்டு வடை அதிகம் வைத்தார்.

பிறகு பல்கலைக்கழக ஆய்வுக்குழு வந்தது. படிப்பு தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எங்களிடம் இருந்தவர்கள் ஒன்பதே பேர். குழு அனுமதியை நீட்டித்தால் படிப்பு இருக்கும், இல்லாவிட்டால் எங்கள் அறையைக் கணினிக்கூடமாக்கிவிடுவோம் என்று நிர்வாகம் நேராகவே சொல்லிவிட்டது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் உங்களைத் தனியே அழைத்து, "இன்னைக்கு மட்டும் விசில் வேணாம் அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். நீங்களும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினீர்கள்.

குழுத் தலைவர் பெரிய பேராசிரியர். அதே மில் தகப்பனாக நீங்கள் இருக்க, ஜெபா எதிரே பேசாமல் உட்கார்ந்து கேட்பதைச் சிறிது நேரம் பார்த்தார். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "நகருங்கம்மா, இதை எப்படிச் செய்யணும்னு நான் காட்டுறேன்" என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "பாருங்க பெரியவரே, பெண் கல்வி என்பது" என்று தொடங்கினார்.

விசில்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க மகளோட எதிர்காலத்தை" என்று மறுபடி எடுத்தார். மறுபடி விசில். படிப்பு போயிற்று, அறை போயிற்று என்று நான் மனத்துக்குள் கணினிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா தப்பு?" என்றார் அவர், கோபமாகவே.

"கோவிச்சுக்கிடாதீக ஐயா. நான் இன்னும் பஸ்ஸுல ஏறவே இல்ல. நீங்க ரைட்டு குடுத்துட்டீக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "சரி, சொல்லுங்க" என்றார். அதன் பிறகு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார். நீங்கள் சொன்னீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் சாயங்கால பஸ் ஊருக்குள் வராது, ஊருக்குப் பிரியும் மெயின் ரோட்டு விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரை கருவேலங்காடு. இருட்டுகிற நேரத்தில் பிள்ளை தனியாக நடந்துவர வேண்டும். "படிப்பு மேல எனக்கு என்னங்கய்யா வெறுப்பு? பயந்தான்." பேராசிரியர் "அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு விசில் அடித்தீர்கள் அண்ணாச்சி. வகுப்பே எழுந்து கைதட்டியது. அவரும் சிரித்துவிட்டார்.

அனுமதி வந்தது. விசில் முறையைத் தகுந்த சொற்களில் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்று ஒரு வரியும் கூடவே வந்தது. நான் 'இடையீட்டு ஒலிக் குறிப்பு' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினேன். "விசிலுக்கு இம்புட்டுப் பெரிய பேரா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அன்று கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னீர்கள். "அந்தப் பிள்ளை நெசம் டீச்சர். தினம் என் பஸ்ஸுலதான் வரும். ஒருநாள் வரல, பெறகு வரவே இல்ல. மில்லுக்குப் போயிருச்சுன்னாக. அவுக அப்பன் வாரத்துக்கு நாலு தடவ என் பஸ்ஸுல ஏறுவாரு. ஏன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. அவரு வாயத் தொறந்தப்பவும், பிள்ளையப் படிக்க வைய்யின்னு நானும் புத்திதான் சொன்னேன். இருட்டுப் பயந்தான் காரணம்னு ரொம்ப நாள் கழிச்சு ஊருல சொல்லித்தான் தெரிஞ்சுச்சு." ஊரார் கதையெல்லாம் கேட்ட மனிதர், கேட்காமல் விட்ட ஒன்றுக்காகத்தான் புதன்கிழமை தவறாமல் வந்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாக உங்களைப் பார்த்தது உங்கள் வீட்டில், ஒரு மத்தியானம். கட்டிலில் கிடந்தீர்கள். மீசை மட்டும்தான் பழையபடி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "மதுரையில பெரிய டாக்டர் இருக்காரு அண்ணாச்சி, எல்லாம் சரியாப்போகும், கவலையே படாதீங்க" என்று ஆரம்பித்தேன். உங்கள் கை தலையணைக்குக் கீழே போனது. விசிலை வாயில் வைத்து ஊதினீர்கள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"பயமா இருக்கு டீச்சர்" என்றீர்கள்.

படித்த படிப்பெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரி, அப்புறம்?" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசினீர்கள். பயத்தில் தொடங்கி, டிக்கெட் இல்லாமல் பரளச்சி வரை வந்த வெள்ளாட்டங்கிடாயில் முடித்துச் சிரித்தீர்கள். நான் கிளம்பும்போது விசிலை என் கையில் வைத்து, ஊதச் சொல்லிச் சாடை காட்டினீர்கள். இரண்டு முறை ஊதினேன். அடுப்படியிலிருந்து உங்கள் வீட்டு அக்கா, "யாருக்கு ரைட்டு குடுக்கிறீக?" என்று குரல் கொடுத்தார்கள். "டீச்சருக்குத்தான்" என்றீர்கள்.

அந்த விசில் என் கைப்பையில்தான் இருக்கிறது. புதன்கிழமைகளில் ஜெபா வந்து அதை வாங்கிக்கொண்டு தாயாக உட்கார்கிறாள். இப்போது அவள் ஒரு பள்ளியில் ஆலோசகர். அவள் ஊதுவது உங்களைவிடக் கடுமை.

காலையில் தங்கையிடம், "கட்டாகல, நீ சொல்லு" என்றேன். சொன்னாள். மகன் பேசாமலிருப்பது ஒருபக்கம் இருக்க, மாதக்கணக்காக அவளே யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறாள். இடையிடையே "அப்புறம்?" என்றேன், அவ்வளவுதான். அவள் அழுது, மூக்கைச் சிந்தி, கடைசியில் சிரித்து போனை வைத்தபோது கல்லூரியைத் தாண்டி மூன்று நிறுத்தம் வந்திருந்தேன். கண்டக்டர் இளவயசுக்காரர், என்னைத் தினமும் பார்க்கிறவர்.

"காலேஜ் ஸ்டாப் அப்பவே போயிருச்சே மேடம்! நீங்க போன்ல பேசிக்கிட்டிருந்தப்ப நான் ஒரு விசில் அடிச்சு நிறுத்துனது கேக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி. அதனாலதான் எறங்கல."