ஐந்தாவது பொட்டு

என் வாயாடி ஷமீமுக்கு,

நம் படகு இன்னும் பருத்திப்பட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், ஏரியிலயா உடப் போறீங்க?" என்று கேட்பதும் நிற்கவில்லை. கடல் இல்லாத ஊரில் ஃபைபர் பாய்மரப் படகு வைத்திருந்தால் வேறென்ன கேட்பார்கள்?

உன்னிடம் மறைக்க முடியாது. போன மாதம் அதை விற்க ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ சுக்கானைப் பிடிக்க, நான் பாய்மரத்தடியில் நின்று கயிறு இழுக்க, ரெண்டு பேராகத்தானே ஓட்டக் கற்றுக்கொண்டோம்? தனியாக நான் என்ன செய்வேன்? உன் வீட்டுக்காரர் ரஹீம் பாயும், "அந்தத் தொட்டிய யார் தலையிலயாவது கட்டிடு, கலாம்மா" என்றார்.

வாங்குகிறவர் வருவதற்குள், நீ ஆசையாக வாங்கிப் போட்ட, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் கப்பிகளையும் மேல்தளத்தில் பொருத்திவிடலாம் என்று தோன்றியது. நீ வைத்த அடையாளம் அப்படியே இருந்தது. மார்க்கர் கிடைக்காமல் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைப் பிடுங்கி, துளை போட வேண்டிய இடமெல்லாம் ஒட்டினாயே! "ரெண்டு பேர் இருக்கோம், இதெல்லாம் எதுக்குடி?" என்றேன். "கெடக்கட்டும் அக்கா, பேசாம இரு" என்றாய்.

மேலே ஒருவர் போல்ட்டைத் திருக, உள்ளே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும். உள்ளே உன் இடம். அங்கே பாய் மல்லாந்து படுத்துக்கொண்டார். நீ சொல்லித் தந்தபடி பெரிதாகத் துளைத்தேன். அதில் ரெசின் பசை ஊற்றி, இறுகிய பிறகு போல்ட் அளவுக்கு மறுபடி துளைத்தால்தான் தளத்துக்குள் இருக்கும் மரத்தில் தண்ணீர் இறங்காது. வின்ச்சுக்கான துளைகளை முடித்ததும் உள்ளேயிருந்து குரல்.

"கலாம்மா, போல்ட்டு நாலுதானே?"

"ஆமாம் பாய்."

"அஞ்சு ஓட்ட வழியா வெய்யிலு மூஞ்சில அடிக்குதே!"

நெற்றியைத் தொட்டேன். வெறும் நெற்றி. வேர்வையில் என் பொட்டு கழன்று தளத்தில் விழுந்திருக்கிறது. கண்ணாடி போடாத நான் அதையும் துளைத்துவிட்டேன்.

பாய் சிரித்தார் பார், ஷமீம்! நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "நல்ல வேள, நெத்தியில இருக்கசொல்ல மிஷின வெக்காம உட்டியே!"

நாலு துளையோடு ஐந்தாவதையும் ரெசினால் அடைத்தோம். மறுநாள் நாலை மட்டும் மறுபடி துளைத்து, எல்லாவற்றையும் முடுக்கி, கயிறுகளைக் கப்பி வழியாகப் பின்பக்கம் கொண்டுவந்தேன். பாய் சுக்கானருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"எயுந்திருக்கவே தேவயில்ல. ஒரே ஆளு ஓட்டிக்கினு போலாம் போல கீதே" என்றார்.

நானும் அவர் இடத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தேன்.

நீ பொட்டு ஒட்டிய அன்றைக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் உன் கைப்பையில் இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாய். தெரிந்துதான் ஒட்டினாயா, கள்ளி?

வாங்க வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை படகைக் கடலுக்கு ஏற்றிப்போக டிரெய்லர் வருகிறது. முதல் சுற்று நான் தனியாகத்தான் போவேன், சத்தியம். இரண்டாவது சுற்றில், நீச்சல் தெரியாத உன் ஆளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றிக்கொள்வேன். பாய்க்கு அடியில் பாய்! நீ சிரிப்பது கேட்கிறது. அடைத்த துளைமேல் புதுப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன். இனி அதை யாரும் துளைக்க மாட்டார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

மூன்றே மாதம் மூத்தவள் என்பதற்காக நீ விடாமல் கூப்பிட்ட,
உன் அக்கா கலா