உங்கள் தலையில் முளைத்திருக்கிறது

என்னங்க,

எழுந்ததும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் முன்னந்தலையைப் பாருங்கள். முளைத்துவிட்டது! நீங்கள் தூங்கும்போது பார்த்தேன். மெட்ராஸ் டாக்டர் முடி நட்ட இடமெல்லாம், மழைக்குப் பிறகு நம் சோளக்கொல்லை மாதிரி அரும்பி நிற்கிறது. நட்டது கொட்டியபோது, "கொட்டிட்டுதான் முளைக்கும்னு டாக்டரே சொன்னாருடி" என்றீர்கள். நான் நம்பாமல் சிரித்தேன். அன்றைக்கு மூடிய வாயை நீங்கள் இன்னும் திறக்கவில்லை.

இட்லி குண்டானில் இருக்கிறது. சட்னியை மதியத்துக்கு வைக்காதீர்கள், ஊசிப்போகும். பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா விளக்கெண்ணெய் கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், தலையில் மட்டும் தேய்க்காதீர்கள். அரித்தாலும் சொறியக் கூடாது. இன்றைக்கு வெயிலில் போகவே வேண்டாம்.

நான் உங்கள் அம்மாவோடு கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போகிறேன். முளைத்ததைச் சொன்னதும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாளே! முடி முளைச்சா அவனுக்கு மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்டி" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பாடுபட்டு முளைத்ததை மழிப்பதா? "அவருக்குப் பதிலா நான் போட்டுக்கிறேன், அத்தே" என்று சொல்லிவிட்டேன். பெருமாள் ஒத்துக்கொள்வாராம்.

மலர்க்கொடி

தொப்பியைத் தேடாதீர்கள், நான்தான் எடுத்துப் போகிறேன். திரும்பி வரும்போது எனக்கு வேண்டுமே.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் என் தலையைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசிவிடுங்கள்.