கலைந்துபோன பாறைப் பெட்டி

12 ஜூன் 1996, புதன்

மண்ணியல் பொறியியல் எனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வந்த பயிற்சியில் இன்று நாலாம் நாள். உடுமலைப் பக்கம், தடுப்பணை கட்டப்போகிற இடம். துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை ஆழ வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். நிழலுக்கு நகர்த்தலாம் என்று நானாகத் தூக்கினேன். கை வழுக்கி எல்லாம் கொட்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தோன்றியபடி அடுக்கி வைத்துவிட்டேன்.

மத்தியானம் எங்களுக்குப் பயிற்சி தரும் இன்ஜினியர் சார் பெட்டியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். மேலே இருக்க வேண்டிய மக்கின கல், கெட்டிப் பாறைக்கு அடியில் கிடந்தது. "யார் இதைத் தொட்டது?" என்றார். சர்டிஃபிகேட்டில் என்ன எழுதுவாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாய் திறக்கவில்லை.

துளை மிஷின் ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் முன்னால் வந்தார். "நாந்தானுங்க சார், கால் தட்டிக் கொட்டிப்போட்டனுங்க." நான் கொட்டியதை அவர் பார்த்திருக்கிறார்.

எல்லார் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. எந்தக் கல் எந்த ஆழத்தில் இருந்தது என்று இனித் தெரியாது; அவர் பக்கத்திலேயே இன்னொரு துளை போட வேண்டும். இந்த வெயிலில் மூணு நாள் வேலை. நான் நோட்டில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரே கேட்டார். "படிப்ப முடிச்சுப்போட்டு இந்த வேலைக்கே வந்துருவீங்களா அம்மணி?" குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

அதற்கு மட்டும் வாய் உடனே திறந்தது.