தண்ணீரில் நின்று தாகித்த பயிர்

வரிச்சிக்குடி
9 டிசம்பர் 1952

சைகோனில் இருக்கும் அருமை மகன் பஞ்சநாதனுக்கு அம்மா அமிர்தம் சொல்ல, தங்கை திரிபுரா எழுதுவது. புயலில் கூரை பாதி போனது, நாங்கள் இருவரும் முழுசாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று இரண்டு வரி எழுது, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். நம் நாலு மா நிலத்துச் சம்பாவிலும் கடல் ஏறிவிட்டதப்பா. தண்ணீர் நிற்கும்போதே இலை நுனி சுருண்டு பழுக்கிறது. வேர் அழுகுது, காய்ச்சல் கொடுங்கம்மா என்று நம் பண்ணையாள் மாரிக்கண்ணு சொன்னான். வடித்துவிட்டுத் தரை வெடிக்கக் காயவிடுவது எப்போதும் செய்கிறதுதானே, நானும் சரியென்றேன். உன் தங்கைதான் வரப்பில் உட்கார்ந்து மறித்தாள். மீதியை அவளே எழுதட்டும், அவள் சொல்லும் விஞ்ஞானப் பேரெல்லாம் என் வாயில் நுழையாது.

அண்ணா, அது அழுகல் இல்லை, தாகம். தூரடியில் சிவந்திருக்கும் தோலை உரித்துப் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல் உயிரணுக்கள். வயல் தண்ணீரை ஒரு சொட்டு விட்டதும் ஒவ்வொன்றுக்குள்ளும் இருந்த சிவப்பு, சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டது. வெளியே இருக்கும் உப்பு உள்ளே இருக்கும் நீரை இழுத்துவிடுகிறது என்று எங்களுக்கு விஞ்ஞானம் நடத்தும் மதாம் சொன்னார்கள். உப்பங்கழி ஓரத்து உமரிச்செடி உப்பை உயிரணுவுக்குள் ஒரு பையில் அடைத்துக்கொண்டு பிழைக்குமாம், நெல்லுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. நல்ல தண்ணீர் விட்டேன், சிவப்பு மெல்ல விரிந்து சுவரைத் தொட்டது. மறுநாள்வரை உப்பில் கிடந்த தோல் மட்டும் விரியவே இல்லை. காயவிட்டால் தண்ணீர் போகும், உப்பு தங்கும் என்று கெஞ்சினேன். படிச்ச பிள்ளை வயலுக்கும் கண்ணாடி மாட்டுது என்று மாரிக்கண்ணு சிரித்தார். கடைசியில் அம்மா வடக்கு இரண்டு மாவை எனக்கு விட்டாள், தெற்கு இரண்டை மாரிக்கண்ணு காயவிட்டார். வடக்கில் மூன்று முறை வாய்க்காலின் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி வடித்தோம்.

இன்று காலை வடக்கில் நடுக்குருத்து நிமிர்ந்திருக்கிறது. தெற்கில் வெடிப்போரம் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. அம்மா அந்த மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினாள். தெற்குப் பயிர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. மேலே வாய்க்கால் கரை உடைந்ததைக் கட்ட இன்று மாலை மதகை அடைக்கிறார்கள், பிறகு ஐந்து நாள் தண்ணீர் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கிலும் தண்ணீர் பாய்ச்சி வடிக்கப் போய்விட்டாள், மாரிக்கண்ணுவும் பின்னாலேயே ஓடினார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, தீர்க்காயுசாக இரு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கலுக்குள் பதில் போடு. விளைந்ததா என்று அதில் கேட்காதே, நானே எழுதுவேன், எதுவானாலும். வடிகாலை வெட்ட ஆள் போதாது, நானும் போகிறேன்.

இப்படிக்கு,
வயலில் நிற்கும் அம்மாவுக்காக,
திரிபுரசுந்தரி